திருப்பூரின் பெயரில்லாத பட்டன்கள்

கோயம்புத்தூரில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் வெள்ளைத் தடியை நானே உடைத்துக்கொண்டேன். கார் ஏறும் அவசரத்தில், தடியில் பாதி வெளியே இருக்கும்போதே கதவை இழுத்துச் சாத்திவிட்டேன். டிரைவர் பதறிப்போனார். "ஏனுங்க, சொல்லியிருந்தா நாஞ் சாத்தியிருப்பனுங்களே" என்று மூன்று முறை சொன்னார். பிறகு டிக்கியைத் திறந்து எதையோ தேடி எடுத்து, முறிந்த மூட்டின்மேல் அகலமான எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். ஜட்டியின் இடுப்பில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக். "எங்கூர்ல எந்த வண்டியில தேடுனாலும் இது கெடைக்குமுங்க" என்றார்.

எனக்குப் பார்வை கிடையாது. இருபத்தாறு வயதுவரை இருந்தது. மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். ஓர் இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் கை நடுங்குகிறவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு குரல் என் கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. அந்தக் குரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே நானும் தடுமாறுவேன். தடுமாறிய இடத்தையெல்லாம் எழுதிக் கொடுப்பேன்.

அவிநாசி ரோட்டில் குழந்தைகளுக்கான பின்னலாடை தைக்கிற ஒரு கம்பெனி, ஐரோப்பியக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஓர் இணையக் கடை திறக்கவிருந்தது. கடை எல்லோருக்கும் பயன்படுகிறது என்று வெளியாள் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அங்கே அது சட்டமாகிவிட்டது என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர்களோடு வீடியோவில் கூட்டம். அதற்குள் என் கையெழுத்து வேண்டும். கிள்ளானிலிருந்தபடியே செய்திருப்பேன். முதலாளிதான் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று பிடிவாதமாக இருந்தார்.

அவர் பெயர் ராமசாமி. திங்கட்கிழமை மத்தியானம் வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க சாமி, வாங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் வேல" என்றார். அரிசிம்பருப்புச் சாதம் வந்தது. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வெந்து, மேலே நெய் மணத்தது. எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் காரச் சம்பல் நாக்கைப் பிடித்து இழுக்கும். இது அப்படி எதுவும் செய்யாமல் மூன்றாவது முறையும் கையை நீட்ட வைத்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரே உட்கார்ந்து என் தட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆர்டர் கொறஞ்சு ரெண்டு தையல் லைனு நிறுத்திப்போட்டனுங்க. தைக்கற புள்ளைக எல்லாம் ஊட்ல உக்காந்திருக்குது. இந்தக் கடை தெறந்தாத்தான் அதுகளத் திரும்பக் கூப்புட முடியும். நீங்க பாத்துச் செய்யோணும்."

அந்த 'பாத்துச் செய்யோணும்' என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன். பக்கத்தில் கீர்த்தனா. மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டுப் பெண், வயது இருபத்துமூன்று. கம்பெனியின் இணைய வேலை முழுவதையும் அவள் ஒருத்தியே பார்க்கிறாள். பதற்றத்தில் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை. கணினியின் குரலைக் கீர்த்தனாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தேன். "படம், நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று" என்றது குரல். அடுத்தது எழுபத்திரண்டு. என்ன சட்டை, என்ன நிறம், முழுக்கையா அரைக்கையா, எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு "பட்டன். பட்டன். பட்டன்." எந்தப் பட்டனுக்கும் பெயரில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். ஏதோ ஒரு சின்னப் பெட்டி திறந்துகொண்டு என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. எந்த விசையை அழுத்தியும் வெளியே வர முடியவில்லை.

"அது மாற்றுத்திறனாளிகளுக்காகவே போட்டதுங்க மேடம்" என்றாள் கீர்த்தனா. குரல் கம்மியிருந்தது. "ஒரு வரி சேத்தாப் போதும், மொத்தத் தளமும் சரியாயிரும்னு வித்தாங்க. சக்கர நாற்காலிப் படம் போட்ட பட்டனுங்க அது."

பணம் கட்டும் இடத்துக்கு மாலைவரை என்னால் போய்ச் சேர முடியவில்லை. சட்டை வாங்கவில்லை.

இடையில் மத்தியானம் கேண்டீனுக்குப் போனேன். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சாப்பிடுகிற தகரக் கூரைக் கொட்டகை. தட்டுகளின் சத்தம், இந்தி, ஒடியா, தென்பாண்டித் தமிழ் எல்லாம் கூரையில் முட்டி ஒன்றாகத் திரும்பி வந்தன. கை கழுவும் குழாய் எங்கே என்று கேட்டேன். ஒரு பெண் "வாங்கக்கா" என்று என் கையைத் தன் முழங்கையில் போட்டுக்கொண்டாள்.

நடக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அவளுடைய இன்னொரு கை சுவரை உரசிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு பெஞ்சு வந்தபோது முழங்காலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு விலகினாள். வாயோ முணுமுணுவென்று அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. குழாயடியில் நின்று, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டேன்.

"எவ்வளவு நாளா?"

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு காதோரம் வந்து, "யாருட்டயும் சொல்லிராதிய" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளே என்னைத் தேடி வந்தாள். பெயர் செல்வமேரி. திருச்செந்தூர்ப் பக்கம் சொந்த ஊர். திருப்பூருக்கு வந்து பதினாறு வருடமாம். கணவர் சாயப்பட்டறையில், மகள் ஊரில் நர்சிங் படிக்கிறாள். செல்வமேரிக்கு வேலை செக்கிங் பிரிவில். தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, தையல் விடுதல், ஊசிக் குத்து, கறை என்று குற்றம் கண்டுபிடிக்கிற பிரிவு. அதாவது கண்ணால் பிழைக்கிற வேலை.

"மூணு வருசமா ஓரமெல்லாம் இருண்டுட்டே வருது. குழாய்க்குள்ள எட்டிப் பாக்க மாதிரி இருக்கு. கலரும் மங்கிட்டு. இதுக்கு மருந்து கிடையாதுன்னு சொல்லிட்டாவ" என்றாள்.

"அப்புறம் எப்படிச் செக் பண்றீங்க?"

"விரல்லதான். ஓட்டையும் குத்தும் கைக்குத் தெரிஞ்சிரும். கறைன்னா பக்கத்துப் பிள்ளைட்ட குடுத்து, 'ஏட்டி, இத ஒருவாட்டி பாரு'ம்பேன்."

அதுவரை அவள் குரலில் ஒரு சமாளிப்பு இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போது அதுவும் போய்விட்டது.

கம்பெனியில் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு தளம் இருக்கிறது. விடுப்பு, ஷிப்டு எல்லாம் கைப்பேசியில் அதில்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்பதற்காக, மாதத்துக்கு ஒருமுறை 'தொடர்ந்து வேலைக்கு வருகிறீர்களா' என்று அது கேட்கும். இரண்டு வட்டங்கள் வரும். பச்சை என்றால் வருகிறேன். சிவப்பு என்றால் விலகிக்கொள்கிறேன். சிவப்பை அழுத்தி ஏழு நாளானால் வாசல் கதவு அடையாள அட்டையை ஏற்காது. செல்வமேரி போன மாதம்வரை விடுமுறைக்கு வந்த மகளிடமோ பக்கத்தில் இருப்பவர்களிடமோ கொடுத்து அழுத்தச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை யாரும் இல்லை. தானே அழுத்தினாள். அதுவே இரண்டாவது தடவையும் கேட்டது. இரண்டாவது தடவையும் அதையே அழுத்தினாள். அது சிவப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

"மேனேஜர்ட்ட போயிச் சொன்னேன், தெரியாம அமுக்கிட்டேன் சார்னு. 'இம்மாம் பெருசா பச்சை, சிவப்புன்னு இருக்கு, கண்ணு தெரியலயா உனக்கு'ன்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஏழு நாள் முடிகிறது.

"நான் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்க்கா. கண்ணுன்னு தெரிஞ்சா இந்த வேலயும் போச்சு. வேற கம்பெனிலயும் எடுக்க மாட்டாவ. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்று அன்றைக்கு முழுவதும் மனம் அரித்தது. என் பார்வை மங்கத் தொடங்கியபோது நானும் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் மறைத்து வைத்தவள்; அவளிடமும் அதைச் சொல்லியிருந்தேன். மனப்பாடம் செய்த படிகளில் சிரித்துக்கொண்டே இறங்குவேன். யாராவது அந்தப் படியில் ஒரு பெட்டியை வைத்துவிடுவார்களோ என்று நுனிக்காலால் துழாவுவேன். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஓட்டலில் சந்தகை சாப்பிட்டேன். எங்கள் ஊர் புத்து மாயாம் போலத்தான், அரிசி மாவைப் பிழிந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும். பாதியிலேயே தட்டை நகர்த்திவிட்டேன்.

கம்பெனிக்குப் போனதும் கீர்த்தனாவிடம் தொழிலாளர்களின் தளத்தையும் பார்க்க வேண்டும் என்றேன். என் கைப்பேசியில் திறந்து கொடுத்தாள். அந்தக் கேள்வி வந்த இடத்தில் குரல் சொன்னது: "பட்டன். பட்டன்."

"ஏன் எழுத்தே இல்லை?"

"இந்திக்காரங்க இருக்காங்க, படிக்கத் தெரியாதவங்க இருக்காங்க. எழுத்து வேண்டாம், கலரே போதும்னு மேனேஜர் சார் பேப்பர்ல வரஞ்சே குடுத்தாருங்க. எனக்கும் அப்போ அது சரின்னுதான் தோணுச்சுங்க." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணுங்க மேடம். சார் கம்ப்யூட்டர்லதான் பாத்து ஓகே பண்ணினாரு. அதுல எடதுபக்கம் பச்சை, வலதுபக்கம் சிவப்பு. போன்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரும். அப்போ சிவப்பு மேல வந்துருதுங்க. ஒருக்கா சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு."

தொழிலாளர் மேலாளர் சிவக்குமார் மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். முதல்நாள் என் தடியைப் பார்த்துவிட்டுப் புதுத்தடி எங்கே கிடைக்கும் என்று நாலு கடைக்குப் போன் செய்தவர் அவர்தான். ஆனால் நான் விஷயத்தை எடுத்ததும் குரல் இறுகிவிட்டது.

"அது உங்க வேலையில வராதுங்களே மேடம். உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானாகத்தான் பார்த்தேன்."

"நம்ம ஆளுக யாருக்கும் எந்தக் கொறையும் இல்லீங்க. எல்லாம் நல்லாக் கண்ணு தெரியறவங்கதான்."

பொய் சொல்லிவிட்டு நான் அவரை எதிர்த்து என்ன பேசுவது? திரும்பி வந்தேன். மாலையில் ராமசாமி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடையின் அறிக்கை அவர் கைக்குப் போயிருந்தது.

"கையெழுத்து மட்டும் போட்டுப்போடுங்க சாமி. தப்பெல்லாம் ஒவ்வொண்ணா சரி பண்ணிக்கலாம். நான் வாக்குக் குடுக்கறனுங்க."

"சட்டையே வாங்க முடியாத கடையை நல்ல கடைன்னு எப்படிங்க எழுதுவேன்?"

"அந்த ரெண்டு லைனுப் புள்ளைகள நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய கார் ஒன்பதரைக்கும் வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் அனுப்பவில்லையோ என்று நினைத்தேன். டயர் வெடித்து நடுரோட்டில் நின்றாராம், அது பிறகுதான் தெரிந்தது. எலாஸ்டிக் சுற்றிய தடியை ஊன்றிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னேன். "சொல்றனுங்க" என்றார்.

கோலாலம்பூர் ரயிலில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வரும். இங்கே கண்டக்டரின் விசில்தான். கூட்டம் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. கண்டக்டரின் குரல் முன்பக்கத்தில் எங்கோ போய்விட்டது. பஸ் ரொம்ப நேரமாக நிற்காமல் ஓடுகிறதே என்று சந்தேகம் வந்து, பக்கத்திலிருந்த அம்மாளிடம் கேட்டேன். "அது தாண்டி வந்தாச்சுங்களே. பூண்டி வரப்போவுது" என்றார்.

திருமுருகன்பூண்டியில் இறங்கினேன். நேரம் பத்து இருபது. சுற்றிலும் கல்லில் உளி விழுகிற சத்தம். ஒரு பக்கம் கணீரென்றும் ஒரு பக்கம் மொத்தென்றும் கேட்டது. சிற்பப் பட்டறைகளின் நடுவில் நிற்கிறேன் என்று புரிந்தது. காற்றில் கல்தூசி பறந்து பல்லில் நறநறத்தது. எந்தப் பக்கம் ரோட்டைக் கடப்பது என்றே தெரியவில்லை. லாரிகள் காதை அறைந்துகொண்டு போயின.

"எங்கீங்க போவோணும்?" உளிச் சத்தம் ஒன்று நின்று, ஒரு குரல் கேட்டது. சொன்னேன். "வாங்க, வுட்டுட்டு வந்தர்றேன்" என்றார் அந்தச் சிற்பி. ஒரு மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளப்பினார். வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கம்பெனி வாசலில் இறக்கியதும், "உங்க சேலையெல்லாம் வெள்ளைத் தூசி ஆயிப்போச்சுங்க" என்று வருத்தப்பட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பத்து ஐம்பத்தைந்து. கூட்ட அறையில் ராமசாமி, சிவக்குமார், கீர்த்தனா. திரையில் கூட்டாளிகளின் சார்பாக ஒரு பெண்மணி ஏற்கனவே வந்து காத்திருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நேராகவே கேட்டார்: "கடை தேறியதா?"

"இல்லை" என்றேன்.

ராமசாமியின் நாற்காலி முனகியது. படங்கள், பட்டன்கள், பூட்டிக்கொள்கிற பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு மாதம் கீர்த்தனாவுக்கு உதவிக்கு ஆள் கொடுத்தால் சரிசெய்துவிடலாம் என்பதையும் சொன்னேன். தண்ணீர் குடித்தேன்.

"இன்னும் ஒரு சோதனை இருக்கு. சிவக்குமார் சார், உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டபடியே கொடுத்தார். கீர்த்தனாவை உதவிக்கு வைத்துக்கொண்டு, திரையின் நிறங்களை நீக்குகிற வசதியைப் போட்டேன். எல்லாப் போனிலும் இருக்கிறது அது. போட்டதும் திரை முழுவதும் சாம்பலும் கறுப்புமாகிவிடும்.

"உங்கள் கணக்கில் தொழிலாளர் தளத்துக்குப் போங்கள். நீங்கள் இந்தக் கம்பெனியில் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள் இல்லையா? அதை அதில் சொல்லுங்கள்."

"இதென்னுங்க வெளையாட்டு?" என்றார். எரிச்சல் தெரிந்தது.

"செய்யப்பா" என்றார் ராமசாமி.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே" என்று சிவக்குமார் முணுமுணுப்பது கேட்டது. பிறகு, "மொதல்ல இருக்கறதுதான் பச்சை. நாந்தானே வரஞ்சு குடுத்தேன்" என்று அழுத்தினார். மறுபடி கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் அழுத்தினார்.

ராமசாமி எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டுவது போல நிதானமாக வாசித்தார். "உங்கள் விலகல் பதிவு செய்யப்பட்டது. ஏழு நாள்களில் உங்கள் அடையாள அட்டை செயலிழக்கும்."

"கீர்த்தனா, இது சும்மா சோதனைக்குத்தானே?" சிவக்குமாரின் குரல் உடைந்திருந்தது.

"இல்லீங்க சார். நெசந்தானுங்க."

திரையில் இருந்த பெண்மணி என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். அது நியாயமா என்று இன்றுவரை எனக்கு முழு நிச்சயம் கிடையாது.

"இந்த மாசம் எத்தன பேரு சிவப்பு அமுத்தியிருக்காங்க?" என்று ராமசாமி கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கீர்த்தனாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "பதினாலு பேருங்க ஐயா. அதுல ஒன்பது பேரு மறுநாளும் வேலைக்கு வந்திருக்காங்க."

"விலகறவன் எதுக்கு மறுநா வேலைக்கு வாரான்?"

அந்த ஒன்பது பேருடைய விலகலையும் அப்போதே ரத்து செய்யச் சொன்னார் ராமசாமி. பத்தாவதாகச் சிவக்குமாருடையதையும். தொழிலாளர் தளமும் சரியாகி, கடையும் சரியானால் அடுத்த பருவத்துக்குத் திறப்போம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி இணைப்பைத் துண்டித்தார். அடுத்த பருவம் என்றால் இன்னும் ஐந்தாறு மாதம். அதுவரை அந்த இரண்டு லைன்களும் திறக்கப் போவதில்லை.

ராமசாமி என் பக்கம் திரும்பினார். "என்ர கம்பெனி அழுக்க ஊருக்கு முன்னால துவச்சுப்போட்டீங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

மூன்றரை மணி டீ நேரத்துக்குக் கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். செல்வமேரி வந்தாள். செய்தி அவளை எட்டியிருந்தது. என் கையைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

"சொல்லலைதான?"

"உங்க பெயரே வரலை."

பெருமூச்சு விட்டாள். டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு, "இந்த மாசம் தப்பிச்சிட்டேன். கலர்க் கறைக்கு எத்தன நாளு பக்கத்துப் பிள்ளய கூப்பிடுவேன்?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "நீங்க ஆபீசுல சொன்னப்ப என்னக்கா நடந்துச்சு?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "வேலை போச்சு" என்றேன். "அடுத்தது கிடைக்க ரெண்டு வருடம் ஆச்சு."

அவள் எழுந்து போனாள். வேலைக்குத் திரும்புகிறாள் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் செக்கிங் பிரிவின் பக்கம் போகவில்லை. அலுவலகப் படிகளில் ஏறியது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று ஏறியது.

பின்னாலேயே போய் மேலே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. முதலில் சிவக்குமாரின் குரல் உயர்ந்தது. "மூணு வருசமாவா?" என்றார். பிறகு ராமசாமியின் குரல். ஏதோ துணிக்கட்டை மேஜையில் போடுகிற சத்தம் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விரித்து மடித்துப் போடுகிற மெல்லிய சத்தம். நடுவில் செல்வமேரி தெளிவாகச் சொன்னாள். "இதுல அக்குள் பக்கம் ஊசிக் குத்து இருக்கு. இதுல கழுத்துப்பட்டி விட்டுருக்கு. இது நல்ல பீஸ்."

கதவு திறந்தது.

வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள், மூக்கு அடைத்திருந்தது.

"செக்கிங்ல வைக்க முடியாதாம். கறை தெரியாதுல்லா. திங்கக்கிழமலேருந்து மடிப்புப் பிரிவு. டாக்டர் சீட்டு கொண்டு வரணும்னாவ. கடைசில மொதலாளி, 'எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல கண்ணு'ன்னாரு. 'சொல்லியிருந்தா வச்சிருப்பியளா ஐயா?'ன்னு கேட்டேன்."

"உங்களுக்கு வருத்தமா?"

"பதினாறு வருசம் செக்கிங்க்கா. வருத்தம் இல்லாம இருக்குமா?"

கீழே டீ நேரம் முடியப்போகிற மணி அடித்தது. கேண்டீனிலிருந்து கும்பலாக வெளியேறிய பெண்களின் பேச்சுச் சத்தம் படியருகே நெருங்கி வந்தது. செல்வமேரி தன் கைப்பேசியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஒங்க போனு பேசுத மாதிரி இதயும் பேச வைங்க."

இயர்போனை மாட்டித் தரட்டுமா, மற்றவர்களுக்குக் கேட்காது என்றேன்.

"வேண்டாம். சத்தமாவே வைங்க."

வைத்தேன். போன் அவளுடைய பெயரைச் சொல்லி, மணியைச் சொல்லி, திரையில் இருந்ததையெல்லாம் உரக்க வாசிக்கத் தொடங்கியது. படியில் வந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. அவள் ஒலியைக் குறைக்கவில்லை. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தொட்டபடி, அவர்கள் நடுவே படியிறங்கிப் போனாள்.